பின்மூடியின் உள்பக்கம்

"இது எல்லாமே நீங்கதான் சார்" என்றாள் ஜெசிந்தா, ஏதோ நல்ல சேதி சொல்கிறவள் மாதிரி. ரப்பர் உறை மாட்டிய விரலால் வாட்ச்சின் சங்கிலியை வளைத்துப் பிடித்து, கண்ணிகளுக்கு நடுவே ஒரு மரக்குச்சியை விட்டு இழுத்து, நுனியில் வந்ததை வெள்ளைக் காகிதத்தில் தடவிக் காட்டினாள். கறுப்பும் இல்லை, பச்சையும் இல்லை, இரண்டும் குழைந்த ஒரு களிம்பு. "தோலு, வேர்வை, சோப்பு. நம்ம உடம்புலேர்ந்து உதிர்றதுதான். எல்லார் வாட்ச்லயும் வரும். உங்களுது கொஞ்சம் ஜாஸ்தி." சபாநாயகம் குனிந்து பார்த்தார். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம், மூக்கையும் கொண்டுபோனார். தொப்புளை நோண்டி முகர்ந்தால் வருமே, அதே வாடை. ஐம்பத்தைந்து வயது, மகளுக்கு ஆவணியில் கல்யாணம், பத்து ஜில்லாவுக்கு மேனேஜராக இருந்து நாலு பேரை அதட்டிய மனுஷன், வாலாஜா சாலை மாடியில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மேஜைமேல் குனிந்து தன் அழுக்கைத் தானே முகர்ந்துகொண்டு நிற்கிறார். நல்லவேளை கடையில் வேறு ஆள் இல்லை. அவள் அதற்குள் சங்கிலியைத் தனியாகக் கழற்றி, ஒரு சின்னத் தொட்டியில் போட்டு சுவிட்சைத் தட்டினாள். கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம். தண்ணீருக்குள் சங்கிலியின் ஒவ்வொரு மூட்டிலிருந்தும் பழுப்பாகப் புகை கிளம்பியது. நாலு நிமிஷத்தில் தொட்டித் தண்ணீர் வடிகட்டாத டீ நிறத்துக்கு வந்துவிட்டது. இது எல்லாமே நீங்கதான். சொல்கிறாள் பார், கூசாமல்.

"போய்ட்டு அப்புறமா வாங்க சார், இன்னிக்கித் தொறந்து என்னென்ன வேலைன்னு மட்டும் பாத்துச் சொல்றேன். முடிக்க மூணு வாரம் ஆவும்" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். ஒரு பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவள் என்று யாரோ சொல்லிக் கேட்டு வந்திருந்தார். வெள்ளை கோட்டும், நெற்றியில் தூக்கிவிட்ட பூதக்கண்ணாடியும், காதில் சின்னச் சிலுவைத் தோடுமாக, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற நர்ஸ் மாதிரித்தான் இருந்தாள். சபாநாயகம் போகவில்லை. கண்ணெதிரே இருக்கட்டும் என்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வாட்ச் இல்லாத இடது மணிக்கட்டு மேஜைவிளக்கு வெளிச்சத்தில் வெளுப்பாக, சுருக்கம் விழுந்து, உரித்த கோழிக் கழுத்து போல இருந்தது. இருபத்தேழு வருஷம் வெயில் படாத தோல். குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. ஆபீஸில் கையெழுத்துப் போடும்போது சட்டைக்கையை ரெண்டு விரற்கடை மேலே ஏற்றிவிட்டுக்கொள்வார், எதிரே உட்கார்ந்திருப்பவன் கண் ஒருமுறை வாட்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பும்வரை பேனாவை எடுக்கமாட்டார். வாட்ச் முகத்தில் இருந்த அந்தக் கம்பெனிப் பெயருக்கு அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதைக்கு அடியில், கண்ணிக்குக் கண்ணி, இந்தக் களிம்பு அப்பிக்கொண்டு இருந்திருக்கிறது. எத்தனை பேருக்குக் கை கொடுத்திருப்பார். எத்தனை கல்யாணப் பந்தியில் இதே கையை வைத்துக்கொண்டு இலையைத் துடைத்திருப்பார். கையைப் பேன்ட்டில் தேய்த்தார். போகவில்லை, போவதற்கு அங்கே ஒன்றும் இல்லையே.

"யாருக்கு சார், உங்களுக்கேதானா?" என்றாள் உள்ளேயிருந்து. "எனக்குத்தான், எனக்குத்தான்" என்று இரண்டு தடவை சொன்னார். ஒருதடவை சொன்னால் உண்மை, இரண்டு தடவை சொன்னால் பொய் என்று பத்து ஜில்லா ரெப்ரசன்டேடிவ்களிடம் கண்டுபிடித்தவருக்கு அது தெரியாதா என்ன. வாட்ச் மாப்பிள்ளைக்கு. மகள் நித்திலாவைக் கட்டிக்கொள்ளப் போகிற கீர்த்திவாசன் என்ற அந்தப் பிள்ளையாண்டானுக்கு. இதைக் கழுவித் துடைத்து, கீறலெல்லாம் போகப் பாலிஷ் போட்டு, புதுப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் வைத்து, மாப்பிள்ளை அழைப்பு அன்று கையில் கட்டிவிடுவது என்று பத்து நாளாகத் தூங்காமல் கிடந்து போட்ட திட்டம். வீட்டில் மனைவி வடிவாம்பாளிடம்கூடச் சொல்லவில்லை, பாங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி மூன்று வருஷமாயிற்று. புதுசு வாங்க வழி கிடையாது. இதைச் சம்பந்தியிடம் எந்த வாயால் சொல்வது? நிச்சயதார்த்தத்தன்று அந்தப் புருஷோத்தமன், பாதாம் அல்வாவை விரலால் வழித்து வாய்க்குள் தள்ளிக்கொண்டே, "நாங்க எதுவும் கேக்கல சம்பந்தி, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யப் போறீங்க. பையனுக்கு வாட்ச்னா உயிர், அவ்ளோதான்" என்றார். கீழுதட்டு ஓரத்தில் நெய் மினுங்கியது. பையன் உடனே போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். "இந்த மாதிரி அங்கிள். கிளாசிக் மாடல்." படத்தைப் பார்த்ததும் சபாநாயகத்துக்குத் தன் கையைப் பார்க்கத் தோன்றியது. அதே மாடல்தான். அவருக்குப் பொறி தட்டியதும் அங்கேதான். நித்திலா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், முறுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டு. எத்தனை முறுக்கு என்று எண்ணுகிறாளோ என்றுகூட நினைத்தார். நெய் உதடு. த்தூ. அந்த உதட்டைத் துடைத்துவிட ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினாரே ஒழிய, ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னாரா? "அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லெல்லாம் கூசுகிறது.

இந்த அருவருப்பு அந்த ஆளோடு போயிருந்தால் பரவாயில்லை. வழித்து வாயில் போட்ட அந்த வாசகம் இருக்கிறதே, "நாங்க எதுவும் கேக்கல", அதைச் சபாநாயகம் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறார். கேட்டிருக்கிறார் என்ன, சொல்லச் சொன்னவரே அவர்தான். தொண்ணூற்றேழு ஐப்பசியில் ஆரணிக்குப் பெண் பார்க்கப் போனபோது, போகிற வழியில் காரிலேயே தாய்மாமனிடம் சொல்லிவைத்தார்: "நானா கேட்டா நல்லா இருக்காது மாமா. நீங்க பேச்சோட பேச்சா வுட்டுடுங்க." தாய்மாமன் விட்டார். "நாங்க எதுவும் கேக்கலைங்க, பையனுக்கு வாட்ச்னா கொஞ்சம் பிரியம்." என்ன வாட்ச், என்ன பெயர் என்று சபாநாயகம் தன் கையால் பின்பக்கம் எழுதித் தந்திருந்த சிகரெட் அட்டையையும் எடுத்து நீட்டினார். பெண்ணுக்கு அப்பா ஏகாம்பரம், கவர்ன்மென்ட் ஸ்கூல் டிராயிங் மாஸ்டர், அந்த அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு டிராயிங் மாஸ்டர் அதை எங்கே போய் வாங்குவார் என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சபாநாயகத்துக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: மாஸ்டரின் நகக்கண்ணில் நீலப் பெயின்ட் காய்ந்து கிடக்கிறது, அந்தக் கையால் எடுத்துக் கொடுத்த காபியைக் குடிக்க வேண்டியிருக்கிறதே என்பது. மாப்பிள்ளை அழைப்பில் வாட்ச்சைக் கட்டிவிட்டதும் அதே நகம்தான். கொக்கியை மாட்டத் தெரியாமல் அந்த மனுஷன் மூன்று தடவை நழுவவிட்டார். பெட்டியில் கியாரண்டி அட்டை இல்லை. "கடைக்காரன் அப்புறம் அனுப்பறேன்னான் மாப்ளே" என்றார். வரவே இல்லை. அதற்கப்புறம் பதினாறு வருஷம், சாகிறவரைக்கும், தீபாவளிக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி, உள்ளே காலெடுத்து வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வாட்ச் சரியா ஓடுதுங்களா மாப்ளே?" போட்டதைச் சொல்லிக்காட்டுகிறானே கிழவன், வாங்கிக் கொடுத்த பெருமையை வருஷத்துக்கு நாலு தரம் வசூல் பண்ணுகிறானே என்று சபாநாயகத்துக்கு உடம்பெல்லாம் எரியும். பதிலே சொல்லாமல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவார். ஊருக்கு இளைத்தவன் மாமனார் என்று அவருக்கு அப்போது ஒரு எண்ணம்.

உள்ளே ஜெசிந்தா வாட்ச்சைக் குப்புறப் போட்டு, ஒரு பிடியில் இறுக்கி, ஒரு சாவியை வைத்துத் திருகினாள். நகரவில்லை. இன்னொரு தரம். கறகறவென்று பல்லுக்குள் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம், சபாநாயகம் தாடையை இறுக்கிக்கொண்டார். எதற்கு இந்தப் பயம்? இன்றைக்கு இவள் திருகுகிற மாதிரி நாளைக்கு அந்தப் பயல் எங்கேயாவது கொண்டுபோய்த் திருகமாட்டானா? வாட்ச்னா உயிர் என்கிறானே, உயிரை யாராவது திறந்து பார்க்காமல் விடுவார்களா? திறந்தால் தெரியுமோ? பழசு என்று நெற்றியில் எழுதியிருக்குமோ? தெரிந்தால் அவன் இவரிடம் வந்து கேட்கப்போவதில்லை, அந்த அளவுக்கு ரோஷம் உள்ள ஆளுமில்லை. அவன் அம்மா நித்திலாவிடம் கேட்பாள். சமையற்கட்டில் குழம்பை இறக்கும்போது கேட்பாள். "உங்கப்பன் அவுத்துப் போட்ட பழசத்தான என் புள்ளைக்குக் கட்டிவுட்டான்?" அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பாள். நித்திலா முறுக்குத் தட்டைப் பார்த்ததுபோலக் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஒவ்வொரு முறையும் முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றுவிடும். பத்து நாளாக இங்கேதான் நிற்கிறது. சரி, வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். உடனே நெய் உதடு வந்துவிடும், "நாங்க எதுவும் கேக்கல சம்பந்தி" என்று. மறுபடியும் பாலிஷ், புதுப் பெட்டி, கொக்கி. செக்கு மாடுகூட ஒருவேளைக்கு நிற்கும்.

மூடி கழன்றது. ஜெசிந்தா அதை இடுக்கியால் எடுத்துத் திருப்பி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுக்கு முன்னாடி எங்க சார் சர்வீஸ் பண்ணீங்க?" "எங்கயும் இல்ல. இருபத்தேழு வருஷத்துல திறந்ததே கிடையாது. என் கல்யாணத்துக்குப் போட்டது, புதுசு. நான்தான் முதல் ஆள்." பெருமையாகத்தான் சொன்னார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பிறகு மூடியைப் பார்த்தாள். "இல்லீங்களே. மூணு தடவை தொறந்திருக்காங்க." சபாநாயகம் எழுந்து கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயே போய்விட்டார். மூடியின் உள்பக்கம் பளபளவென்று இருந்தது. ஓரமாக ஊசியால் கீறினாற்போலச் சின்னச் சின்ன எழுத்துகள். "எங்க தொழில்ல இது ஒரு வழக்கம் சார். யார் தொறந்து வேலை பாத்தாலும் உள்ள ஒரு குறி போடுவோம். அவங்க இனிஷியல், மாசம், வருஷம். அடுத்து தொறக்குறவங்களுக்குத் தெரியணும்ல? வாட்ச் கட்டியிருக்கவங்க கண்ணுக்கு இது படாது." பூதக்கண்ணாடியை அவரிடமே கொடுத்தாள். அவர் படித்தார். எண்பத்து நாலு, ஏதோ ஒரு மாசம். தொண்ணூற்று ஒன்று. மூன்றாவது, மற்ற இரண்டையும்விடத் துல்லியமாக: பன்னிரண்டு, தொண்ணூற்றேழு. கல்யாணம் தொண்ணூற்றெட்டு தை. கடைசிக் குறிக்கும் தாலிக்கும் நடுவே ஒரு மாசம் இருந்தால் அதிகம். "அப்பவே பாலிஷும் போட்டுட்டாங்க" என்றாள் அவள், இரக்கமே இல்லாமல், வாட்ச்சின் நாலு மூலையையும் விரலால் தொட்டுக் காட்டி. "இங்க கூரா இருக்கணும், பாருங்க, சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிக் கெடக்கு. முத ஓனரும் ரொம்ப வருஷம் கட்டியிருக்காரு."

முதல் ஓனர். யார் அவன்? கப்பலில் வேலை பார்த்தவனா, எஸ்டேட்காரனா, தூக்குப் போட்டுக்கொண்ட எவனாவதா? எவன் கையிலிருந்து கழற்றியதை இருபத்தேழு வருஷம் குளிக்கும்போதுகூடக் கழற்றாமல் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்? தொட்டியில் நிற்கிறதே டீத் தண்ணீர், அதில் அடியில் கிடக்கிறது அந்த ஆளின் தோலா? மணிக்கட்டை வெட்டி எறியலாம் போல இருந்தது. ஏமாற்றிவிட்டான் கிழவன். டிராயிங் மாஸ்டர் அல்லவா, வர்ணம் பூசிக் கொடுத்துவிட்டான். கட்டின பெண்ணை அனுப்பியிருக்கவேண்டும் ஆரணிக்கே, அன்றைக்கே தெரிந்திருந்தால், என்று மனசு வாய்க்கு வராத வேகத்தில் சொல்லி முடித்துவிட்டது. சொன்னபிறகுதான் அவருக்கு அது கேட்டது. அனுப்பியிருப்பார். சந்தேகமே இல்லை. ஒரு மாசத்தில், ஒரு ராத்திரியில், வாட்ச்சை மேஜைமேல் வைத்து, "உங்கப்பன்கிட்ட கேட்டுட்டு வா" என்று அனுப்பியிருப்பார். வாட்ச் சரியா ஓடுதுங்களா மாப்ளே? அது பெருமை இல்லை. பதினாறு வருஷம் அந்த மனுஷன் வாசலில் நின்று கேட்டது, இன்னும் கண்டுபிடிக்கவில்லையே, என் பெண் உங்கள் வீட்டில் பத்திரம்தானே என்பது. பதில் சொல்லாமல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார் இவர். இது எல்லாமே நீங்கதான். குச்சி நுனியில் ஒட்டியிருந்தது இன்னும் காகிதத்தில் அப்படியே இருந்தது, விளிம்பில் காய்ந்து, வெடித்து. இத்தனை நாள் புருஷோத்தமனின் உதட்டைத் துடைக்க ஆசைப்பட்டாரே, சிகரெட் அட்டையில் பெயரை எழுதிக் கொடுத்த கை யாருடையது? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டாகிவிடுமா?

வெளியே மாடிப்படி வராந்தாவில் வந்து நின்று வடிவாம்பாளுக்குப் போன் போட்டார். எதற்குப் போடுகிறோம் என்று யோசிக்கவில்லை. சண்டை போடத்தான் என்று நினைத்தார். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "என்னங்க, பாங்க்ல கூட்டமா?" "உங்கப்பா எனக்குப் போட்ட வாட்ச் பழசா?" மிக்ஸி நின்றது. "யார் சொன்னா?" "யாரோ சொன்னாங்க. உனக்குத் தெரியுமா தெரியாதா?" "தெரியும்." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. "எப்பலேர்ந்து?" "வாங்கிட்டு வந்த அன்னிலேர்ந்து. அப்பா ரெண்டு நாள் சாப்பிடல. மாப்ள கண்டுபுடிச்சிட்டா உன்னத் திருப்பி அனுப்பிடுவாரேம்மான்னு ஒரே அழுகை. நான்தான் சொன்னேன். பயப்படாதீங்கப்பா, அவரு பேரைத்தான் பாப்பாரு, தொறந்து பாக்குற ஆளில்லன்னு." "ஒரு நாள் பார்த்த ஆளை உனக்கு எப்படித் தெரியும்?" "ஒரு நாள் பத்தாதா?" சபாநாயகம் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. "தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்ட?" கோபமாகக் கேட்கத்தான் நினைத்தார், கெஞ்சுகிற மாதிரி வந்தது. "பத்திரிகை அடிச்சாச்சு. மண்டபம் சொல்லியாச்சு" என்றாள் வடிவாம்பாள். "என்னை யாரு கேட்டாங்க?" கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அடுப்புல இருக்கு, வைக்கறேன்" என்று வைத்துவிட்டாள். இருபத்தேழு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள். அழுக்கை எல்லாம் அவள் முதல் நாளே பார்த்துவிட்டாள், காகிதத்தில் தடவிக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஜெசிந்தா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "சார், சர்வீஸ் கண்டிப்பா பண்ணணும், எண்ணெயெல்லாம் காஞ்சி போச்சி. பாலிஷ் என்ன பண்ணட்டும்? போட்டா பாக்கறதுக்குப் புதுசாட்டம் ஆயிடும். ஆனா ஓரம் சுத்தமா போயிடும், அத மட்டும் சொல்லிடுறேன்." "பாலிஷ் வேணாம்மா. மூடிடுங்க" என்றார். "சர்வீஸ்?" "அப்புறம் சொல்றேன்." அவள் போய்விட்டாள். நித்திலாவின் கல்யாணப் பத்திரிகை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மண்டபத்துக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. பையன் போனை எடுத்துப் படம் காட்டியபோது அவள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்கை யாராவது அத்தனை நேரம் எண்ணுவார்களா? ஒரு நாள் பத்தாதா. அவளும் அந்தப் பையன் யாரென்று பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு, அம்மா செய்ததுபோல, வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட்டிருப்பாள், எந்த அளவுக்குப் பொய் சொன்னால் இந்த ஆளோடு காலந்தள்ளலாம் என்று. ஐயோ என்றிருந்தது அவருக்கு. சம்பந்தியிடம் மானம் போகும் என்று பத்து நாள் புரண்டு புரண்டு படுத்தாரே, ஒரு நாளாவது, ஒரு நிமிஷமாவது, அடுத்த அறையில் படுத்திருக்கும் பெண்ணை எழுப்பி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா? நித்திலாவுக்குப் போன் போட்டார். மூன்றாவது மணி அடிக்கும்போது எடுத்தாள். சோழிங்கநல்லூர் ஆபீஸின் இரைச்சல், யாரோ பின்னால் சிரித்தார்கள். "என்னப்பா, இந்நேரத்துல?" "நித்தி, உனக்கு இந்தக் கல்யாணம் சரிதானேம்மா?" "சரிதாம்ப்பா" என்றாள் உடனே. பதிலையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் வேறென்ன வரும்? இப்படிக் கேட்டே பழகிய வாய். "அப்படிக் கேக்கலம்மா. இரு. எனக்குக் கேக்கத் தெரியல." வேர்த்தது. "அந்தப் பையன் உனக்கு வேணுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லு. பத்திரிகை இன்னும் அடிக்கல. மண்டபம், அவங்க, மானம், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ மட்டும் சொல்லு." நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நடக்கிறாள் போல. ஒரு கதவு திறந்து மூடியது, இரைச்சல் எல்லாம் நின்றுபோயிற்று. சபாநாயகம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா" என்றாள் நித்திலா, குரலே வெளியில் வராமல். "எங்க இருக்கீங்க? அங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க. நான் வரேன்."